இப்போது விளையாடுவோர்

பனி மிதிபடும் ஓசையை
நான்தான் செய்தேன்.
தோல்பையில் சோளமாவை அடைத்து
மைக்கின் முன்னால் பிசையப் பிசைய
நொறுக் நொறுக்கென்று நடந்து போனாள்
திரையில் ஒருத்தி.

நான்கு வருடம்.
பிர்னோவில் ஒரு பல் மருத்துவமனைக்கு
மேல்மாடி வாடகை அறை.
கீழே துளைக்கருவி ஓய்ந்த பிறகுதான்
ஒலிப்பதிவு செய்ய முடியும்.
அதனால்தான் இந்த ஆட்டத்தில் எல்லாமே
இரவில் நடக்கிறது என்பான் ஹினெக்.

சுட யாருமில்லை இதில். வெல்லவும் யாருமில்லை.
மலைச்சாலையில் பனி தள்ளும் வண்டி,
அதை ஓட்டுபவள்,
பாதை போய்ச் சேர்ந்ததும்
விளக்கெரியும் வீடுகள்.
ஒவ்வொரு சன்னலுக்கும்
வெவ்வேறு மஞ்சள் வேண்டுமென்று
வெந்துலா எட்டு மாதம் எடுத்துக்கொண்டாள்.

மார்ச்சில் வந்திருக்க வேண்டியது.
மூன்றாம் வளைவில் வண்டி
தரையைத் துளைத்துக்கொண்டு
முடிவில்லாமல் விழுந்தது.
ஜூன் என்றோம். ஜூனில் வெந்துலாவுக்குப் பிரசவம்.
அக்டோபர் இருபத்தாறு என்று
கேக்கில் எழுதி, வெட்டித் தின்று
தேதியை உறுதி செய்தோம்.

ஒன்பது நாள் முன்பு
அந்த ராட்சசன் தன் தேதியை மாற்றினான்.
எங்கள் தேதிக்கு.
எங்கள்மேல் கோபமெல்லாம் இல்லை,
நாங்கள் இருப்பதே தெரியாது அவனுக்கு.
ஆடிக்காற்றில் அம்மிகள் பறந்தன:
பெரிய கம்பெனிகள் இரண்டு
இரவோடிரவாக ஜனவரிக்கு ஓடின.
பஞ்சுக்கு மட்டும் பறக்க முடியவில்லை.
நவம்பர் முதல் தேதி
வங்கித் தவணை.

வெளியான மாலை மூவரும் தெருவில் நின்றோம்.
ட்ராமின் உடம்பு முழுக்க
அவன் வாள்.
ஹினெக் தொப்பியைக் கழற்றி
ஒதுங்கி வழிவிட்டான்.

முதல் வாரம் நூற்றுப் பதினேழு.
அதில் மூன்று ஹினெக்கின் அத்தை.
விமர்சகர் ஒருவர் எழுதியிருந்தார்:
அருமையாகத் தெரிகிறது,
இந்த வாரம் தலைக்குமேல் வேலை,
அடுத்த வாரம் கட்டாயம்.
எங்கள் தொழிலில் அடுத்த வாரம் என்பது
போன நூற்றாண்டு.

இப்போது ஹினெக் ஒரு வங்கியில்.
வெந்துலா மாத்திரை அட்டைகளுக்கு
நுரையீரல் வரைகிறாள்.
நான் விளம்பரங்களுக்காகக்
கார் கதவு சாத்துகிறேன்,
விலை உயர்ந்த சத்தம் வரும்வரை.

கடைப் பக்கத்தின் மூலையில் ஓர் எண் உண்டு.
இப்போது விளையாடுவோர்: 0.
அதைப் பார்க்கச் சகிக்காமல்
ஒருநாள் பதினோரு மணிக்கு
ஆட்டத்தைத் திறந்து வைத்துவிட்டுப்
பாத்திரம் கழுவப் போனேன்.
1.
பிறகு தினமும்.

பிப்ரவரியில் ஓரிரவு, 2.
ஈரத் தட்டோடு நின்றேன்.
யார்?
மொந்தெவிதேயோவில் ஒரு காவலாளி,
குழந்தை தூங்காத யாரோ ஒரு தகப்பன்,
நாளுக்கொரு ஆள் வைத்துப் பார்த்தேன்.
ஒருவர் மட்டுமே ஆடும் ஆட்டம்,
எங்கும் சந்திக்க வழியில்லை.
ஆனாலும் வெறுமனே திறந்து வைப்பது
மரியாதை இல்லை என்று தோன்ற,
உட்கார்ந்து நிஜமாகவே பனி தள்ளினேன்.

வெந்துலாவின் மகனுக்கு இரண்டு வயதான அன்று
சமையலறையில் அவள் குரலைத் தாழ்த்தினாள்:
'யார்கிட்டயும் சொல்லாதே.
பூஜ்யம் தெரியக்கூடாதுன்னு
ராத்திரி நான் அதைத் திறந்து வைப்பேன்.
ஆனா எப்பவுமே எனக்கு முன்னாடி
அங்க ஒருத்தர் இருக்காங்க.'
அவள் முகத்தைப் பார்த்தேன்.
'அப்படியா' என்றேன்.
மெழுகுவர்த்தி எங்கே என்று தேடினேன்.

நேற்று 3.
கை நடுங்க ஹினெக்கை அழைத்தேன்.
'தூங்கிட்டேன். என்ன விஷயம்?'
ஒன்றுமில்லை என்றேன்.
அவன் ரிசீவரை வைக்க மறந்த
அந்த நாலைந்து நொடியில்
அவனுக்குப் பின்னால்
நொறுக்
நொறுக்

என் சோளமாவு.